காமிராப் பெட்டிக்குச் சக்கரம்

காமிரா வாங்க வேண்டுமென்றால் யோசனை சொல்வதற்கு ஊரில் பத்துப் பேர் முன்வருவார்கள். வாங்கிய காமிராவை எதில் வைத்து எடுத்துச் செல்வது என்று கேட்டால், அந்தப் பத்துப் பேரும் மௌன விரதம் பூண்டு விடுவார்கள். படம் பிடிக்கும் பித்துக் கொண்டவனுக்குக் காமிராவைவிடப் பெட்டியே பெரிய விஷயம் என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்குகிறது. இருபது வயதில் தோள் சுமக்கும். நாற்பத்தைந்தில் தோள் கேள்வி கேட்கும்.

நம்மிடம் உள்ள சாமான்கள் அப்படியொன்றும் அதிகமில்லை. காமிரா இரண்டு, லென்ஸ் மூன்று, ஒரு பிளாஷ் விளக்கு, முக்காலி, பாட்டரிகள், அவற்றுக்கு மின்சாரம் ஏற்றும் கருவி. எல்லாமாக எட்டுக் கிலோ. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பிக்கும் நாம் இந்த எட்டுக் கிலோவைப் பல வருஷங்கள் ஒரே தோளில் தொங்கவிட்டு அலைந்தோம். கடைசியில் வைத்தியர், “சுமையைக் குறையுங்கள், இல்லையென்றால் சுமைக்குச் சக்கரம் வையுங்கள்” என்று சொல்லிவிட்டார்.

இது புதிய தொல்லை அல்ல. 1850-களின் இறுதியில் சென்னை அரசாங்கத்தின் போட்டோக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி, சேலம் ஜில்லாவின் ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் முதலிய இடங்களைப் படம் பிடித்தார். அவருடைய பெரிய காமிராவும் இரசாயனங்களும் மாட்டு வண்டிகளில் ஏறித்தான் பிரயாணம் செய்தன. அதாவது, நம் நாட்டில் காமிரா வந்த நாள் தொட்டே அதற்குச் சக்கரம் உண்டு. பெட்டியிலேயே சக்கரத்தைப் பொருத்துவதற்குத்தான் வெகு காலம் பிடித்தது. அமெரிக்கரான பெர்னார்ட் சாடோ, சக்கரம் வைத்த பிரயாணப் பெட்டிக்குப் பேடண்டு உரிமை பெற்றது 1972-இல். அது வார் கட்டி இழுக்கும் பெட்டி. நிமிர்த்தி வைத்து, நீளும் கைப்பிடியால் இரு சக்கரத்தின் மீது இழுக்கும் பெட்டியை, ராபர்ட் பிளாத் என்னும் விமானி 1987-இல் செய்தார். இன்று காமிராப் பெட்டிகள் பலவும் இந்த இரண்டாவது ஜாதியே.

கோயமுத்தூருக்குப் போய்க் கடையில் மூன்று பெட்டிகளை இழுத்துப் பார்த்தோம். கடையின் பளிங்குத் தரையில் எந்தப் பெட்டியும் ராஜநடை போடும். நமக்கு வேண்டியதோ அந்தியூர்ச் சந்தை வீதியில் நடக்கும் பெட்டி. ஆகவே பெட்டியின் அறைகளை எண்ணுவதை விட்டுச் சக்கரத்தை அளந்தோம். கடைக்காரர் நம்மை விநோதமாகப் பார்த்தார்.

வகுப்பில் மாணவர்களுக்குப் போடும் கணக்குத்தான் இது. எட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு சக்கரத்தின் முன்னால் இரண்டு சென்டிமீட்டர் உயரமுள்ள கல் இருக்கிறதென்று வைத்துக் கொள்வோம். நேர்க்கிடையாக இழுத்து அதைத் தாண்டச் செய்ய, சக்கரத்தின்மேல் உள்ள எடையைப் போல் 1.7 மடங்கு பலம் வேண்டும். அதே கல்லை ஐந்தடி விட்டமுள்ள கட்டை வண்டிச் சக்கரம் தாண்டுவதற்கு, எடையில் கால் பங்குக்கும் குறைந்த பலம் போதும். கல்லின் உயரம் சக்கரத்தின் ஆரத்துக்குச் சமமாகிவிட்டாலோ, கிடையாக இழுத்து ஏற்றுவது யானையாலும் ஆகாது. நம் முன்னோர் வண்டிச் சக்கரத்தை ஆள் உயரத்துக்குச் செய்தது அழகுக்காக அல்ல. ஆகையால் இருந்தவற்றில் பெரிய சக்கரமும், கழற்றி மாற்றக் கூடிய அச்சும் உள்ள பெட்டியையே தேர்ந்தெடுத்தோம். விலையைக் கேட்ட நம் மனைவி, “ஏனுங்க, பெட்டிக்கே இவ்வளவு வெலைன்னா, உள்ளே வெக்கறதுக்கு என்னங்க மிச்சமிருக்கும்?” என்றாள். அதற்கு நம் பௌதிகத்தில் விடை இல்லை.

ஆகாய விமானத்தில் போகிறவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். நம் நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்பில் கையோடு கொண்டு போக அனுமதிப்பது பெரும்பாலும் 7 கிலோ. சக்கரப் பெட்டி வெறுமையாகவே நான்கு கிலோ இருந்தால், காமிராவுக்கு மிஞ்சுவது மூன்று கிலோதான். உதிரியாக எடுத்துச் செல்லும் லித்தியம் பாட்டரிகளைச் சரக்கறைக்கு அனுப்பும் சாமானில் வைக்கலாகாது. கைப்பெட்டியில்தான் வைக்க வேண்டும். தனி அனுமதி இல்லாமல் கொண்டு போக, ஒவ்வொன்றும் 100 வாட்-மணிக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். காமிரா பாட்டரிகள் பெரும்பாலும் இருபது வாட்-மணிக்குக் குறைந்தவையாதலால் கவலையில்லை. ஆனால் அவற்றின் உலோக முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி மூடி வைப்பது அவசியம்.

இனி அடுக்கும் முறை. கனத்த லென்ஸ் சக்கரத்தின் பக்கம் இருக்க வேண்டும். நிமிர்த்தி வைக்கும்போது பெட்டி குப்புற விழாது. நீண்ட லென்ஸைக் காமிராவிலிருந்து கழற்றி இரண்டுக்கும் மூடி போட்டுத் தனித்தனியே வைப்பது நல்லது. மாட்டியபடியே வைத்தால், வழியிலுள்ள குலுக்கல் முழுவதையும் இரண்டும் சேரும் இடம்தான் தாங்க வேண்டியிருக்கும். படங்கள் பதிந்த மெமரி கார்டு பெட்டியில் இருக்கலாகாது. சட்டைப் பையில் இருக்க வேண்டும். பெட்டி போனால் பணம் போயிற்று. கார்டு போனாலோ அந்த நாளே போயிற்று. லென்ஸில் பூஞ்சை பூக்காதிருக்கச் சிலிகா ஜெல் பொட்டலங்கள் இரண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பவானி ஜமக்காளத் துண்டு ஒன்று. சேற்றிலும் புழுதியிலும் அதை விரித்து, அதன் மேல்தான் பெட்டியைத் திறப்போம்.

இவ்வளவு ஏற்பாட்டையும் பரீட்சை செய்ய ஆடி மாதத்துக் குருநாதசுவாமி கோயில் பண்டிகையைவிடத் தக்க இடம் வேறில்லை. குதிரைகளும் காங்கயம் காளைகளும் மலை மாடுகளும் கூடும் பெரிய சந்தை அது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது புழுதிக்குக் கேட்பானேன்! ஆயிரக் கணக்கான குளம்புகள் உழுதுவிட்ட அந்த மண்ணில், நம் பெரிய சக்கரமும் நூறு அடிக்குமேல் உருள மறுத்துவிட்டது. அங்கே மகமேருத் தேர்களைப் பக்தர்கள் தோளில் சுமந்து போகிறார்கள். தேருக்கே தோள் வேண்டியிருக்கும் மண்ணில் காமிராப் பெட்டி எம்மாத்திரம்? ஆனால் அந்தப் பெட்டிக்குள், பிரித்தெடுத்து முதுகில் மாட்டிக் கொள்ளும் சிறு பை ஒன்றும் இருந்தது. அதன் அருமை அன்று தெரிந்தது. இன்னும் நன்றாகத் தெரிந்தது புரட்டாசியில்.

நம்மிடம் முன்பு படித்த மாணவன் ஒருவன், பர்கூர் மலையில் இருக்கும் தன் தந்தையைப் படம் பிடித்துத் தர வேண்டுமென்று கேட்டிருந்தான். ஆயுள் முழுவதும் மாடு மேய்த்த அந்தப் பெரியவருக்கு, அடையாள அட்டையில் உள்ள தபால்தலை அளவு படத்தைத் தவிர வேறு படமே இல்லை. அந்தியூரில் பஸ் ஏறும் வரை பெட்டி உருண்டு வந்தது. தாமரைக்கரையில் இறங்கியதும் தேநீர்க் கடையில் அதை ஒப்படைத்தோம். ஒரு காமிரா, ஒரு நடுத்தர லென்ஸ், உதிரியாக ஒரு பாட்டரி. இவை மட்டும் முதுகுப் பையில் ஏறின. மற்றவை நமக்காகக் கடையிலேயே காத்திருந்தன. அன்று அவற்றில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பக்கத்தில் தம் பசுவும் நிற்க வேண்டும். செம்பழுப்பு உடலில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட பர்கூர்ப் பசு அது. பசு நம்மைப் பார்க்க மறுத்தது, அவரைத்தான் பார்த்தது. அப்படியே எடுத்தோம். மாசி மாதத்தில் அவர் காலமானார். அந்தப் படம்தான் இப்போது அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது, பசுவும் சேர்ந்தே.

பெட்டி வாங்க விரும்பும் நேயர்களுக்கு நாம் சொல்லக் கூடியது இவ்வளவே. முதலில் சாமான்களை எண்ணாதீர்கள், வழியை எண்ணுங்கள். சாலை உள்ள வரைக்கும் பெரிய சக்கரம் இருக்கட்டும். சாலை முடிந்த பிறகு நடக்க வேண்டிய தூரத்துக்கு எது போதுமோ, அதைத் தனியே ஒரு சிறு பையில், பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வையுங்கள். எடுக்க வேண்டிய படம் பெரும்பாலும் அந்தத் தூரத்துக்கு அப்பால்தான் காத்திருக்கிறது. அதுவும் நெடுநாள் காத்திருப்பதில்லை.