பழைய லேப்டாப்பில் எதைப் போடலாம்?

அக்கா மகள் கல்லூரிக்காக ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய லேப்டாப் வாங்கியிருக்கிறாள். ஆறாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம். "விண்டோஸ் 7 போட்டா பறக்கும்னு கடைக்காரர் சொல்றாரு மாமா" என்றாள்.

பறக்கும்தான். ஆனால் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு சாமானியர்களுக்கு நின்றுவிட்டன. 2023 முதல் வந்த புது குரோமும் அதில் ஏறாது. வங்கிக் கணக்கைத் திறக்கிற மெஷினில் அது வேண்டாம். விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். குறுக்குவழியில் ஏற்றித் தருகிறவர்கள் உண்டு. நாளை அப்டேட் வராவிட்டால் யாரைக் கேட்பது?

நான் சொன்னது இதுதான்: ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடு, ராமை 8 ஜிபி ஆக்கு. பாதி வேகம் அதிலேயே வந்துவிடும். பிறகு லினக்ஸ் மின்ட். பிரவுசர், லிப்ரே ஆபீஸ், தமிழ்99 எல்லாம் உண்டு, காசில்லாமல்.

லினக்ஸில் நேரடியாக ஓடாத போட்டோஷாப் இல்லாமல் முடியாது என்கிறவர்களுக்கு மட்டும் கதை வேறு. அவர்கள் விலை பேசும் முன்பே பிராசஸர் எத்தனையாவது தலைமுறை என்று கேட்டுவிடுவது நல்லது.