சுத்தம் என்ற சொல்

உறுவையாற்றில் எங்கள் காலனி அக்கா ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு மாதமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் எதையோ சொல்ல வந்து பேச்சை மாற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் களையெடுத்துவிட்டு வரும் வழியில் சொன்னார்: "கீழ அரிப்பு தாங்கல பாப்பா. திரிஞ்ச பாலாட்டம் வெள்ளை படுது. ஒண்ணுக்குப் போனா எரியுது."

ஆஸ்பத்திரிக்குப் போகாமலில்லை. எந்தத் தெரு என்று விசாரித்த நர்ஸ், பரிசோதிக்காமலே "மொதல்ல சுத்தமா இருக்கக் கத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அக்கா நாளுக்கு நான்கு முறை சோப்புப் போட்டு உள்ளேயும் கழுவியிருக்கிறார். புண்ணாகிவிட்டது.

சுத்தம் என்ற சொல்லை வைத்துத்தான் நம்மைத் தலைமுறை தலைமுறையாகத் தள்ளி நிறுத்தினார்கள். அதையே மருந்துச் சீட்டாகவும் எழுதுகிறார்கள்.

இது கேண்டிடா என்ற பூஞ்சையால் வருவது. பல பெண்களின் உடம்பில் இது தொல்லை தராமல் எப்போதும் இருக்கும். சர்க்கரை நோய், கர்ப்பம், ஆன்டிபயாட்டிக் மாத்திரை என்று ஏதாவது ஒன்று அமைந்தால் பெருகிவிடும். அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே சோப்புப் போட்டால் எரிச்சல்தான் கூடும். கடும் அரிப்பு, சிவந்த வீக்கம், கெட்டியான வெள்ளை இருக்கும். வாடை பெரும்பாலும் இருக்காது. மீன் வாடையோடு நீர்த்துப் போனாலோ, மஞ்சள் பச்சையாக நுரைத்தாலோ அது வேறு தொற்றாக இருக்கலாம், மருந்தும் வேறு. அடிவயிற்று வலி, காய்ச்சல் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ மருந்துக்கடையில் கேட்டு வாங்காமல் டாக்டரிடமே போங்கள். "உடம்பு சூடு" என்று வெந்தயம் குடித்துக் காத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். என் அம்மாவும்தான்.

டாக்டர் ராணி பங் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் 650 கிராமத்துப் பெண்களைப் பரிசோதித்து 1989இல் லான்செட் இதழில் எழுதினார். 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பெண்நோய் இருந்தது. அதற்குமுன் அதற்கான பரிசோதனை நடந்திருந்தது நூற்றில் எட்டுப் பேருக்குத்தான். எம்.ஏ. படித்தபோது அது எனக்கு வெறும் எண்.

அக்காவை வேறு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பெண் டாக்டர் திரை போட்டுப் பார்த்தார். உள்ளே வைக்கும் மாத்திரை கொடுத்து, ரத்தமும் எடுக்கச் சொன்னார். சர்க்கரை 280. அதுவரை யாரும் பார்த்ததே இல்லை.

அந்த நர்ஸ்மேல் புகார் எழுதலாமா என்று கேட்டேன். "வேணாம் பாப்பா, எம்பொண்ணு பிரசவத்துக்கு அங்கதானே போவணும்" என்றார்.