வைரமும் வெளிறும்

தொல்காப்பியர் மரபியலில் நிலைத்திணையை இரண்டாகப் பகுக்கும்போது பூவையோ கனியையோ அளவுகோலாகக் கொள்ளவில்லை. உறுதி எங்கே இருக்கிறது என்று பார்த்தார். புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே காழ் உடையவற்றை மரம் என்றும் வகுத்தார். அவ்வாறாயின் வானளாவ நிற்கும் பனையும் தெங்கும் புல்லினம் ஆகிவிடுகின்றன. வகுப்பில் இதனைக் கூறும்போதெல்லாம் மாணவர் நகைப்பர். எங்கள் கடத்தூர்ப் பக்கத்து ஓட்டு வீடுகளுக்குப் பனங்கை ஏற்றிய முதியவர்கள் நகைக்கமாட்டார்கள். பனையைப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, புறத்தே கறுத்து இறுகிய பகுதியையே அவர்கள் கையாகக் கொண்டனர். தேக்கிலும் வேங்கையிலும் வேம்பிலும் நிலைமை நேர்மாறானது. அவற்றில் நடுப்பகுதியே வைரம். பட்டையை ஒட்டிய வெளுத்த வளையம் வெளிறு.

வெளிறு என்னும் சொல்லைத் திருவள்ளுவர் தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் அறியாமையைக் குறிக்க ஆள்கிறார். ஆளைத் தேர்வு செய்யும் அதிகாரத்தில் மரத்தோடு உறவுடைய இச்சொல் வந்து அமர்ந்திருப்பதை நான் பலமுறை எண்ணி வியந்ததுண்டு.

மரம் உயிரோடு நிற்கையில் நீரை மேலேற்றும் பணி வெளிறுடையது. ஆதலின் அதில் ஈரமும் மாவுப்பொருளும் மிகுதி. மரத்தைத் துளைக்கும் வண்டினம் நாடி வருவது அந்த மாவுப்பொருளையே. கட்டிலின் கீழே காலையில் மெல்லிய மாவு கொட்டிக் கிடந்தால், வெளிற்றில் வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். தேக்கின் வைரத்தில் இயல்பாகவே ஓர் எண்ணெய்ப் பசையும் மணமும் உண்டு. கறையானும் வண்டும் அதனை எளிதில் அணுகா. தேக்குக்கு வந்த பெருமையெல்லாம் இந்த வைரத்திற்கு வந்த பெருமைதான். அம்மரத்தின் வெளிற்றுக்கு அதில் பங்கில்லை.

சென்ற ஆண்டு என் தமக்கையின் மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்தபோது, மணமகன் வீட்டார் தேக்குக் கட்டிலும் அலமாரியும் எதிர்பார்ப்பதாகச் செய்தி வந்தது. மகர் கொடுக்கக் கடமைப்பட்டவன் மணமகன். பெண் வீட்டாரிடம் கட்டில் கேட்க அவனுக்கு எந்த உரிமையும் இல்லை என்பதை இம்மலரைப் படிக்கும் பெரியோர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் தமக்கை, “தம்பி, பேச்சு முறிந்துவிடக் கூடாது. சீட்டுப் பணம் இருக்கிறது. நீ கூட வந்து மரத்தை மட்டும் பார்த்துச் சொல்” என்றார். ஐந்தாண்டுகள் தையல் இயந்திரத்தை மிதித்துக் கட்டிய சீட்டு அது.

ஒரு கடையில் கண்ணாடிபோல் மின்னும் கட்டிலைக் காட்டினர். “முழுக்கத் தேக்கு” என்றனர். தமக்கை தலைமாட்டுச் செதுக்கு வேலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து சட்டத்தின் உட்புறத்தைப் பார்த்தேன். மெருகு ஏறாத அந்தப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்திற்கு வெளிறு ஓடியது. ஓரிடத்தில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்திருந்தனர். அலமாரியின் கதவில் அழகிய ரேகைகள் இருந்தன. பலகையின் விளிம்பில் அவை தொடரவில்லை. முழுப் பலகையாயின் முகத்தில் ஓடும் ரேகை முனையிலும் தன் வழியைக் காட்டியாக வேண்டும். அங்கே தெரிந்தவை ஒட்டுப்பலகையின் அடுக்குகள்.

கடைக்காரர் கூறியதை முழுப் பொய் என்றும் சொல்லிவிட இயலாது. தேக்கின் வெளிறும் தேக்குதானே! செட்டிநாட்டு மாளிகைகளில் தூணாக நிற்கும் பர்மாத் தேக்கு முதிர்ந்த காட்டு மரம். நிலம்பூரில் 1840களில் தோட்டமாக நட்டுத் தொடங்கிய தேக்கும் நின்று முதிர இடம் பெற்றது. பர்மா என வழங்கிய மியான்மர் 2014இல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் இன்று வந்திறங்கும் மரங்களில் இளவயதுத் தோட்ட மரங்கள் பல. இள மரத்தில் வைரம் சிறிது, வெளிறு பெரிது. எனவே “தேக்கா?” என்று கேட்பது போதாது, “எந்தப் பகுதி?” என்றும் கேட்க வேண்டும். நனைந்த தானியத்தைக் குவியலின் உள்ளே வைத்து விற்றவரிடம், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவிய செய்தியை அந்தக் கடையில் நினைத்துக்கொண்டேன்.

பிறகு கடத்தூரில் எங்களுக்குப் பழக்கமான ஆசாரியாரிடம் சென்றோம். அவர் முதலில் கணக்குப் போட்டார். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். 6½ அடி நீளம், 6 அங்குல அகலம், 1½ அங்குலக் கனமுள்ள பக்கச் சட்டம் இரண்டுக்கு 0.81 கன அடி. மூன்றங்குலச் சதுரத்தில் இரண்டடி உயரக் கால்கள் நான்குக்கு அரைக் கன அடி. இவ்வாறு பலகை, தலைமாடு என ஒவ்வொன்றாகக் கூட்டி, மரத்தின் விலை இவ்வளவு, தம் கூலி இவ்வளவு என்று தனித்தனியே எழுதிக் கொடுத்தார். கடையில் சொன்ன ஒற்றை விலையில் எது மரத்திற்கு, எது மெருகிற்கு என்று எவரும் பிரித்துச் சொல்லவில்லை.

மரத்தையும் அவரே காட்டினார். இடித்த பழைய வீடொன்றின் தேக்கு உத்திரங்கள். “ஆணித் துளை இருக்கும், சார். ஆனா சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிஞ்ச மரம்” என்றார். இது பெரிய செய்தி. ஈர மரம் உலரும்போது நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதில்லை; அகலவாக்கில் நன்கு சுருங்கும். ஆதலால்தான் தேர்ந்த தச்சர் கதவுப் பலகையைச் சட்டத்தோடு பசையிட்டு ஒட்டுவதில்லை. காடியில் செருகி, அசைய இடம்விட்டு நிறுத்துவர். மூட்டுகளில் ஒரு சட்டத்தின் முனையை நாக்குபோல் செதுக்கி மற்றதன் துளையில் இறக்கி, குறுக்கே மூங்கில் ஆணி அடிப்பர். இரும்பு ஆணியை மட்டும் நம்பிய கட்டில் சில ஆண்டுகளில் கிறீச்சிடத் தொடங்கும்.

மெருகிடுவதற்கு முன்பே வந்து பார்க்குமாறு அவரே சொல்லியனுப்பினார். நானும் தமக்கையும் சென்று ஒவ்வொரு சட்டத்தையும் திருப்பிப் பார்த்தோம். உத்திரங்கள் கட்டிலுக்கும் அலமாரிச் சட்டத்திற்குமே போதுமானதாக இருந்தன. உள்தட்டுகளுக்கு வேப்பம் பலகை இட்டார். துணிக்குப் பூச்சி வராது என்பது அவர் கருத்து. எங்கள் வீட்டுப் பழைய பெட்டியைப் பார்த்தவன் என்பதால் எனக்கும் அதில் ஐயமில்லை.

சாமான்கள் சென்று இறங்கிய அன்று மணமகன் வீட்டுப் பெரியவர் ஒருவர் அலமாரியைத் திறந்து, உள்ளே வேறு நிறமாக இருக்கிறதே என்றாராம். “வெளியே பழைய தேக்கு, உள்ளே வேம்பு. கணக்குச் சீட்டு இருக்கிறது, பார்க்கிறீர்களா மாமா?” என்று தமக்கை கேட்டார். அவர் சீட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, அந்த ஆசாரியார் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று வினவினார்.