எழுதிக் கண்ட வழி

பத்தாம் வகுப்பை முடிக்கும் மாணவர் அனைவரையும் ஒரு வினா எதிர்கொள்கின்றது: "மேலே என்ன படிக்கப் போகிறாய்?" ஒருமுறை என் மாணவரிடம் தாள் கொடுத்து, விரும்பும் தொழிலை எழுதப் பணித்தேன். பெரும்பாலோர் மருத்துவர் என்றும் பொறியாளர் என்றும் எழுதினர். அவை உள்ளத்தில் எழுந்த சொற்களா, ஊரார் வாயிற் கேட்ட சொற்களா என்று ஐயுற்றேன்.

மறுநாள் கட்டுரை வகுப்பில், "முப்பது வயதில் என் வாழ்வில் ஒரு நாள்" என்னும் தலைப்பில் கதை எழுதச் சொன்னேன்.

மருத்துவனாக விரும்புவதாக எழுதியிருந்த மாணவன் ஒருவன், மருத்துவமனையை இரண்டே வரிகளில் முடித்திருந்தான். எஞ்சிய பக்கங்களில் அவன் பழுதுற்ற கிணற்று மோட்டாரைக் கழற்றினான். கருகிய கம்பியை நீக்கிப் புதிதாகக் காயில் கட்டினான். "வாய்க்காலில் நீர் பாய்ந்தது, அப்பா சிரித்தார்" என்று கதை முடிந்தது.

அவனுள் இருந்த மருத்துவனும் மோட்டார்த் தொழிலாளியும் உரையாடுவதாக மீண்டும் எழுதுமாறு கூறினேன். கதை, கவிதை, உரையாடல் ஆகியவற்றால் தொழிலைத் தேரும் இம்முறையை ரைனெக்கா லெங்கெல், பிரான்சு மெய்யர்சு என்னும் ஆய்வாளர் இருவர் நெதர்லாந்தில் வளர்த்துள்ளனர். அவ்வுரையாடலில் மருத்துவன், "நான் அப்பாவின் ஆசை" என்றான். மற்றவன், "நான் உன் ஆசை" என்றான்.

சில நாட்களில் தந்தையார் பள்ளிக்கு வந்தார். "ஐயா, என் கையிற் படிந்த கறை அவன் கையில் படியக்கூடாது என்றுதானே பாடுபடுகிறேன்!" என்று கண் கலங்கினார். மாணவனின் இசைவு பெற்றுக் கதையைப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் வாளா இருந்தவர், "கதையில் நான் சிரிக்கிறேனே!" என்றார்.

எழுத்து வழியைக் காட்டும். வழியின் தொலைவை அளந்து தாராது. ஆதலின், மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு உண்டென்றும், அதை முடித்தோர் பொறியியற் பட்டப் படிப்பில் நேரே இரண்டாம் ஆண்டிற் சேரலாம் என்றும் விளக்கினேன். அவ்வாண்டே அவன் மின்னியல் பட்டயப் படிப்பிற் சேர்ந்தான்.

மாணவர்களே! பிறர் வினவும்போது நாம் பிறர் விரும்பும் விடையையே கூறிவிடுகின்றோம். தனித்திருந்து எழுதும்போதோ, நம் கை நம்மை மறைக்க அறியாது. தொழிலைத் தேருமுன் ஒரு கதை எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் உங்கள் எழுதுகோல் நிற்காமல் ஓடுகின்றது என்று நோக்குங்கள்.