தோபாவின் சாம்பல்

பகுதி 2: எரிமலையிலிருந்து ஏரிக்கு

சென்ற வாரம் மேடான் நகரின் கம்போங் மெட்ராஸில், 1884-இல் எழுந்த மாரியம்மன் கோயில் வாசலில் பயணத்தை நிறுத்தியிருந்தேன். புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் கோயில் அது. அங்கிருந்து மலைப்பாதையில் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர் போனால் பெராஸ்தகி. காரோ மக்களின் ஊர். கடல்மட்டத்துக்கு மேல் 1,300 மீட்டர் உயரம் என்பதால் ராத்திரி எல்லோரும் ஸ்வெட்டரைத் தேடினார்கள்.

விடியற்காலை மூன்றரை மணிக்கு, நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு பதினோரு பேரும் விடுதி வாசலில் தயார்.

மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என மூன்று பக்கத்திலிருந்தும் சேர்ந்த குழு இது. கிளம்புவதற்கு முன் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் பரங்கிமலைப் படிகளில் ஏறி இறங்கிக் காலைப் பழக்கியிருந்தது. குழுவில் மூத்தவர், அடையாற்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சர். முதல் பாடத்தை அந்தப் படிகளிலேயே நடத்திவிட்டார். பரங்கிமலையும் பல்லாவரமும் சார்னக்கைட் என்ற பாறையால் ஆனவை. கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இந்த வகைதான் என்று கண்டு, தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-இல் சூட்டிய பெயர் அது. பூமியின் ஆழத்தில் வெந்து இறுகி, சுமார் 250 கோடி ஆண்டுகளைக் கடந்த கல். சென்னைக்காரர் நிற்கும் தரை ஆறி அடங்கியது. நாங்கள் ஏறப்போகும் சிபாயாக் எரிமலை இன்னும் ஆறவில்லை.

ஜீப் தார்ச்சாலை முடியும் இடம்வரை வந்தது. அதற்குப் பிறகு பெயர்ந்த படிக்கட்டுகளும் ஈரப் பாறைகளும்தான். ஒரு மணி நேரம் ஏறியதும் கந்தக நெடி மூக்கில் ஏறியது. தீபாவளி இரவில் தி. நகர்ச் சந்துகளில் தங்கிப்போகும் நெடியை நினைவுபடுத்தும் வாடை. இன்னும் மேலே போனால், மஞ்சள் பூத்த பாறை வெடிப்புகளிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் நிற்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டும். சுமார் 2,200 மீட்டர் உயரமுள்ள இந்த மலை கடைசியாகச் சாம்பல் கக்கியது 1881-இல். உள்ளே வெப்பம் தணியவில்லை என்பதற்கு அடிவாரத்தின் வெந்நீர் ஊற்றுகளும், பூமிக்கடியிலிருந்து ஆவி எடுத்து மின்சாரம் தயாரிக்கும் நிலையமும் சாட்சி.

வெளிச்சம் வந்தபோது மேற்கே கூம்பாக இன்னொரு மலை தெரிந்தது. சினாபுங், 2,460 மீட்டர். பல நூறு ஆண்டுகள் சும்மா கிடந்த மலை 2010 ஆகஸ்டில் திடீரென்று விழித்தது. 2014 பிப்ரவரியில் கொதிக்கும் சாம்பலும் வாயுவும் சரிவில் பாய்ந்து பத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றன. அடிவாரத்துச் சிமாசெம், பெகெரா, சுகாமெரியா கிராமங்களின் மக்கள் சியோசார் என்ற மேட்டு நிலத்தில் புதிதாகக் குடியேற்றப்பட்டார்கள். எங்களை அழைத்து வந்த காரோ இளைஞர் அந்த மலையைக் கையால் காட்டினாரே தவிர, அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. யாரும் துருவிக் கேட்கவில்லை.

தன் குலத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. காரோ மக்களிடம் ஐந்து பெருங்குலங்கள் உண்டு. அதை மார்கா என்பார்கள். அவருடையது செம்பிரிங், கறுத்தவர் என்ற பொருளுடைய பெயர். அதற்குள் கிளைகள் பல. அவர் விரல்விட்டு எண்ணினார்: சோலியா, பாண்டியா, பிரமானா, மெலியாலா...

மயிலாப்பூர்க் கல்லூரி மாணவி அவரை நிறுத்தி, இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சோழன், பாண்டியன், மலையாளம்! எரிமலை விளிம்பில், தமிழ் ஒரு சொல்லும் அறியாத ஒருவர் வாயிலிருந்து. குழுவில் பலருக்குச் சிலிர்த்துவிட்டது, எனக்கும்தான்.

இந்தப் பெயர்களைப் பழைய தமிழ் வணிகத் தொடர்போடு சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. தொடர்பு இருந்ததற்குக் கல்லிலேயே ஆதாரம் இருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவா என்ற இடத்தில் 1873-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. காலம் சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. குலோத்துங்கன் சோழநாட்டை ஆண்ட காலம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர், வந்திறங்கும் கப்பல்காரர்கள் கஸ்தூரி விலைக் கணக்கில் பொன் செலுத்த வேண்டும் என்று அதில் விதித்திருக்கிறார்கள். இதை 1932-இல் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. அந்த வணிகர்களை அவ்வளவு தூரம் இழுத்தது கற்பூரம். கற்பூரத்துக்கு இந்தோனேசியாவில் இன்றும் காப்பூர் பாருஸ் என்றுதான் பெயர்.

மதியம் வேன் தெற்கே திரும்பியது. 120 மீட்டர் உயரத்திலிருந்து விழும் சிபிசோ-பிசோ அருவிக்கு அருகே சாலை ஒரு விளிம்பில் முடிய, கீழே தோபா ஏரி விரிந்தது. அக்கரை மேகத்தில் மறைந்திருந்தது. நூறு கிலோமீட்டர் நீளம், முப்பது கிலோமீட்டர் அகலம், மிக ஆழமான இடத்தில் ஐந்நூறு மீட்டர். 426 சதுர கிலோமீட்டர் சென்னை மாநகராட்சியை இரண்டு முறை வைத்தாலும் இதற்குள் இடம் மிஞ்சும்.

இது மழைநீர் தேங்கிய பள்ளமென்றாலும், பள்ளத்தைத் தோண்டியது எரிமலை. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன், கடந்த இருபது லட்சம் ஆண்டுகளில் மிகப் பெரிது என்று சொல்லத்தக்க வெடிப்பு இங்கே நடந்தது. வெளியேறிய பாறைக்குழம்பு சுமார் 2,800 கன கிலோமீட்டர். டீச்சர் இதைச் சென்னைக் கணக்கில் சொன்னார். செம்பரம்பாக்கம் ஏரி முழுக்க நிரம்பினால் 3.6 டி.எம்.சி., ஒரு கன கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அப்படி இருபத்தேழாயிரம் செம்பரம்பாக்கம்! அவ்வளவும் வெளியேறியதும் மேல்தரை உள்ளே சரிந்தது. அதில் தண்ணீர் நிறைந்தது. பிறகு அடித்தளம் மெல்ல மேலெழுந்து, நடுவில் சமோசிர் தீவு ஆனது. தீவின் மேட்டில் பழைய ஏரிப் படிவுகள் இருப்பது அதனால்தான்.

கக்கிய சாம்பல் வங்கக் கடலைத் தாண்டியது. ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் அது இரண்டு மீட்டருக்கு மேல் கனமாகப் படிந்து கிடக்கிறது. மைக்கேல் பெட்ராக்லியா, ரவி கோரிசெட்டர் குழுவினர் அங்கே அகழ்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவு முக்கியமானது. சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் ஒரே மாதிரியான கற்கருவிகள் கிடைத்தன. அந்தப் பேரழிவையும் தாண்டி மனிதர்கள் அங்கே வாழ்க்கையைத் தொடர்ந்திருக்கிறார்கள் என்றே அவர்கள் கருதினார்கள். இன்றைய ஊர்க்காரர்கள் அந்தச் சாம்பலை வெட்டியெடுத்துப் பாத்திரம் துலக்கும் பொடிக்கு விற்றிருக்கிறார்கள்.

"பாத்திரப் பொடிக்கா?" என்று திரும்பினார் தி. நகரில் பாத்திரக் கடை நடத்துபவர். அதுவரை ஏரியைப் பார்த்தபடி அமைதியாக நின்றவர், சாலைக்காக வெட்டிய சரிவுக்கு நடந்தார். அங்கே வெளிறிய எரிமலைச் சாம்பல் உதிர்ந்து கிடந்தது. ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்தார். நறநறவென்றிருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பித்தளை டம்ளரில் சொட்டுத் தண்ணீர் விட்டு, அந்தப் பொடியால் வட்டமாகத் துலக்கினார். கழுவித் துடைத்து எங்களிடம் நீட்டினார். தேய்த்த இடம் மட்டும் புதிதாக மின்னியது.

மறுநாள் காலை சமோசிருக்குப் படகு.

(பயணம் தொடரும்)