சிவப்புக் கோடு

இணையத்தை வரையச் சொன்னால் நம்மில் பலர் ஒரு மேகத்தை வரைவோம். நான் ஒரு வட்டம் வரைந்தேன். இரண்டாம் ஆண்டில் கணினி வலையமைப்புப் பாடத்திற்கான இடுபணி அது. வட்டத்தின் உள்ளே மையம். வெளியே வீடுகள், அலுவலகங்கள், பல்கலைக்கழகம் எல்லாம் விளிம்பு. இரண்டையும் பிரிக்கும் கோட்டைச் சிவப்பு மையால் அழுத்தி வரைந்திருந்தேன்.

விரிவுரையாளர் அந்தக் கோட்டின்மீது விரலை வைத்தார். “இது எந்த இடத்தில் ஓடுகிறது, தம்பி?”

“விளிம்பில் உள்ள திசைவிகள் சோதித்து வடிகட்டும், சார். மையத்தில் உள்ளவை வேகமாக அனுப்ப மட்டும் செய்யும்” என்று படித்ததை ஒப்புவித்தேன்.

“சரி. டெலிகாம் மலேசியா மையமா, விளிம்பா?”

“மையம்தான், சார். எங்கள் வீட்டு இணையமே அதன் வழியாகத்தானே போகிறது!”

அவர் சிரித்துவிட்டு, 2015 ஜூன் 12ஆம் நாள் நடந்ததைச் சொன்னார்.

இன்னின்ன முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம் என்று ஒவ்வொரு வலையமைப்பும் தன் அண்டை வலையமைப்புகளுக்கு அறிவிக்கிறது. இதற்கான நெறிமுறைதான் பி.ஜி.பி. அன்று பிற்பகல், பிறரிடமிருந்து அறிந்த ஏறக்குறைய 179,000 வழிகளை டெலிகாம் மலேசியா தவறுதலாக லெவல் 3 நிறுவனத்திற்கு அறிவித்துவிட்டது. லெவல் 3 அதை அப்படியே நம்பி உலகுக்கும் சொல்லிவிட்டது. எங்கெங்கோ போகவேண்டிய தரவுகள் மலேசியா வழியாக நுழைய முண்டியடித்தன. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பல நாடுகளில் இணையம் தவழ்ந்தது.

“நமக்கு மையம், லெவல் 3க்கோ அது ஒரு வாடிக்கையாளர், அதாவது விளிம்பு. அந்த வாசலில் ஒரு வடிகட்டி இருந்திருந்தால் பிழை அங்கேயே நின்றிருக்கும். உள்ளே போனபின் யார் சொன்னது சரி என்று யாருக்குத் தெரியும்?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. முந்தைய வாரம்தான் ஆய்வுக்கூடத்தில் எங்கள் குழு மூன்று திசைவிகளை இணைத்திருந்தது. வடிகட்டிகள் தொல்லை கொடுத்தன. ‘அனைத்தையும் அனுமதி’ என்று ஒரே வரி எழுதினோம். இணைப்பு வந்தது, முழு மதிப்பெண்ணும் வந்தது. நாங்கள் செய்ததும் அதே தவறுதான். எங்கள் பின்னால் உலகம் இல்லை, அவ்வளவே.

அன்று மாலை நண்பர்களை அழைத்துக்கொண்டு மீண்டும் ஆய்வுக்கூடத்திற்குப் போனேன். “மதிப்பெண்தான் கிடைத்துவிட்டதே!” என்று முணுமுணுத்தபடியே வந்தார்கள். எந்தத் திசைவி எந்த முகவரிகளை அறிவிக்கலாம் என்று ஒவ்வொன்றாக எழுதி முடிக்க இரவு பத்து மணியாகிவிட்டது.

படத்தையும் திருத்தினேன். பெரிய வட்டத்தை அழித்துவிட்டு, ஒரு வலையமைப்பு இன்னொன்றின் சொல்லை ஏற்கும் ஒவ்வொரு வாசலிலும் ஒரு சிறிய சிவப்புக் கோடு போட்டேன். அந்த வாசல்களில் யாராவது நின்று சோதிப்பதால்தான் உள்ளே மையம் வேகமாக ஓட முடிகிறது. நாளை வேலைக்குப் போகும்போது அவற்றில் ஒரு வாசல் என் பொறுப்பிலும் வரலாம். அன்று அந்த ஒற்றை வரியை எழுத மாட்டேன்.