“அக்கா, தேன் ஒரிஜினல்தானே?”

காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வருகிறவர்கள், வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் கேட்பது தேனையோ மிளகையோ அல்ல, எலுமிச்சம்பழத்தை! தலைசுற்றல் தணிந்த பிறகுதான் மற்ற வியாபாரம். கொல்லிமலையில், அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகிற சாலையோரம் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு இது மனப்பாடம். குமட்டலோடு நிற்கிறவரிடம் விலை பேசினால் அது சண்டையில்தான் முடியும் என்பார். அதனால் ஒரு தட்டு நிறைய எலுமிச்சம்பழம் எடுத்து வைத்துவிட்டுத்தான் கடையைத் திறப்பார்.

தகரக் கூரை, முன்னால் ஒரு பலகை. அதன் மேல் மிளகு, காபிக்கொட்டை, சாமை, தினை, கேழ்வரகு, மலைவாழை. சீசனில் பலாவும் அன்னாசியும் சேர்ந்துகொள்ளும். ஓரத்து அடுப்பில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கொதிக்கும். நடுவில், வெயில் படாத இடத்தில் தேன் பாட்டில்கள்.

வருகிறவர்களில் பாதிப் பேர் நல்லவர்கள். பேசுவார்கள், வாங்குவார்கள், போய்விடுவார்கள். ஞாபகத்தில் நிற்பது மீதிப் பேர்தான்.

“நாமக்கல்லயே இதைவிட விலை கம்மி” என்று மிளகைக் கீழே வைப்பவர் ஒருவர். பச்சை மிளகு மூன்று கிலோ காயவைத்தால் ஒரு கிலோ கறுப்பு மிளகு கிடைக்கும், மரத்தில் ஏணி சாத்திப் பறிக்கிற கூலி வேறு என்று அக்கா சொல்லிப் பார்ப்பார். சில பேர் கேட்பார்கள். சில பேர் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார்கள். கொடுத்துவிடுவார். நல்ல மிளகு தண்ணீரில் முங்கும், பப்பாளி விதை மிதக்கும். அந்தச் சோதனையில் அவருக்குப் பயமில்லை.

அடுத்தவர், பை கேட்பவர். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அக்கா தேன் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார். “அவ்வளவு காசு வாங்கறீங்க, ஒரு கவர் இல்லையா?” என்பவரிடம் பதில் பேசுவதில்லை. இன்னும் ஒரு தாளைச் சுற்றிக் கொடுப்பார்.

மூன்றாமவர், செல்போன் வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர். ஆட்டுக்கால் போல ரோமத்தோடு பாறையிலும் மரத்திலும் படரும் அந்தக் கிழங்கைப் பற்றி யாரோ எதையோ சொல்லிவிடுகிறார்கள். “இந்த சூப் குடிச்சா மூட்டு வலி போயிடுமா?” என்று கேட்டபடி உட்காருவார். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏறியவருக்கு முழங்கால் வலிக்காமல் என்ன செய்யும்?

“மிளகு, சீரகம், பூண்டு போட்டுக் கொதிக்க வெச்சது கண்ணு. சூடா, ருசியா இருக்கும். வலி நாளைக்கும் இருந்தா டாக்டரைப் பாருங்க” என்பார் அக்கா.

இதைக் கேட்டு எழுந்து பக்கத்துக் கடைக்குப் போனவர்களும் உண்டு.

ஆனால் பெரிய வழக்கு எப்போதும் தேனில்தான் வரும். ஒருவர் தீக்குச்சியைத் தேனில் முக்கிப் பற்றவைப்பார். ஒருவர் தண்ணீரில் சொட்டு விடுவார். இன்னொருவர் காகிதத்தில் ஊற்றி ஊறுகிறதா என்று பார்ப்பார். ஈரப்பதம் கூடிய அசல் தேன் இதில் தோற்றுப்போகலாம், கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு தேறிவிடலாம். சரியாகச் சொல்ல ஆய்வுக்கூடம்தான் வேண்டும். மலையோரக் கடையில் ஆய்வுக்கூடத்துக்கு எங்கே போவது?

ஒருமுறை சேலத்துக்காரர் ஒருவர், போன தடவை வாங்கிய பாட்டிலோடு வந்து நின்றார். அடியில் வெள்ளையாக உறைந்திருந்தது. “சர்க்கரை! எல்லாரும் பாருங்க” என்று சத்தம். தேனில் இருக்கிற குளுக்கோஸ் நாளானால் உறைவது இயல்புதான். அக்கா பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் தேன் தெளிந்தது. “சூடு பண்ணினா சர்க்கரையும்தான் கரையும்” என்றார் அவர். கூட்டம் சிரித்தது. அக்கா பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வேறு நாளாக இருந்தால் வாதாடியிருப்பார். அன்று வாதாட முடியாமல் போனதற்கு, அதற்கு முந்தைய வருடம் நடந்த ஒன்று காரணம்.

ஆடி 17, 18 தேதிகளில் மலையில் வல்வில் ஓரி விழா. ஆடிப் பதினெட்டு நீராட வருகிறவர்களும் சேர்ந்து, சாலையே தெரியாத கூட்டம். அந்த வருடம் 17ஆம் தேதி மதியத்துக்குள் தேன் தீர்ந்துவிட்டது. கொழுந்தனார் வளர்க்கும் பெட்டிகளில் எடுத்ததும் இல்லை, காட்டுப் பொந்தில் எடுத்ததும் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கீழ்நாட்டு வியாபாரி ஒருவர் கேனோடு வந்தார். “இதுவும் தேன்தான்” என்றார். மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டிய மாதம். அக்கா வாங்கினார், பாட்டிலில் ஊற்றினார், அதே பலகையில் வைத்தார்.

அன்று எத்தனையோ பேர் தீக்குச்சி கொளுத்திப் பார்த்தார்கள். எல்லாம் பற்றிக்கொண்டது. அக்காவுக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

சாயங்காலம் ராசிபுரத்து வாத்தியார் வந்தார். ஓய்வுபெற்றவர், வருடா வருடம் வருகிறவர். “ரெண்டு பாட்டில் குடும்மா” என்று பணத்தை நீட்டினார். ருசி பார்க்கச் சொட்டு ஊற்றப் போனபோது கையைத் தடுத்தார். “உன்கிட்ட வாங்கறதுக்கு எதுக்குச் சோதனை?”

அக்கா தாளில் சுற்றிக் கொடுத்தார். கை நடுங்கியது என்பார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள், சொல்லவில்லை.

மறு ஆடியில் அவர் வந்ததும் சொல்லிவிட்டார். “போன வருஷம் நான் கொடுத்தது எங்க தேன் இல்லீங்க சார். கீழே இருந்து வந்தது. என்ன கலந்திருந்ததுன்னு எனக்கே தெரியாது.” இரண்டு பாட்டில் பணத்தையும் எடுத்து வைத்தார்.

வாத்தியார் கோபப்படவில்லை. பணத்தையும் எடுக்கவில்லை. மிளகு மட்டும் கால் கிலோ வாங்கிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அன்று முழுக்க அக்காவுக்குத் தோன்றியது. சந்தேகப்படுகிற ஆளிடம் பேசிச் சமாளித்துவிடலாம். நம்பிக் கையை நீட்டுகிறவரிடம் எந்தச் சாமர்த்தியமும் எடுபடாது.

இப்போது ஒவ்வொரு பாட்டிலிலும் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. பெட்டித் தேனா, பொந்துத் தேனா, எந்த மாதம் எடுத்தது என்று பேனாவில் எழுதியிருக்கும். தீர்ந்துவிட்டால் தீர்ந்ததுதான். “இவ்வளவு தூரம் வந்தோம், இல்லைங்கறீங்களே!” என்று கோபிப்பவர்களுக்கு மலைவாழைப்பழம் ஒன்று இலவசம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு நாக்கில் தடவ என்று கேட்டால், “அந்த வயசுக்குத் தேன் கூடாதும்மா” என்று மறுத்துவிடுகிறார். அதற்கும் முகம் சுளித்தவர்கள் உண்டு. தீக்குச்சி கேட்பவர்களுக்குப் பெட்டியையே எடுத்து நீட்டுகிறார். முன்பு வந்த எரிச்சல் இப்போது வருவதில்லை.

வாத்தியார் அடுத்த வருடமும் வந்தார். பாட்டிலைக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, ஒட்டியிருந்த தாளைப் படித்தார். “இது யார் எடுத்ததும்மா? எந்தப் பக்கத்துப் பெட்டி?” ஒவ்வொன்றாகக் கேட்டார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகுதான் பணத்தை எடுத்தார்.

அன்று முதல் ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். இரண்டு நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்த வியாபாரத்துக்கு இப்போது கால் மணி நேரம் ஆகிறது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

அக்கா அவரை அவசரப்படுத்துவதே இல்லை.